அம்மன் சேலை சுற்றிய துணி

காசு கொடுத்துப் பயப்படுகிற அளவுக்கு ஜனங்களுக்கு என்ன கேடு வந்துவிட்டது என்று வீரபாகுவுக்குப் புரியவில்லை. பயம் என்பது யாரும் கூப்பிடாமல் வருவது. அதற்குப் போய் வரிசையில் நிற்கிறார்கள், சீட்டு வாங்குகிறார்கள், ஒரு கையில் ஐஸை நக்கிக்கொண்டு மறு கையில் போனைத் தூக்கிப் பிடித்தபடி உள்ளே போய் நாலு கத்தல் கத்திவிட்டுச் சிரித்துக்கொண்டே வெளியே வருகிறார்கள். வந்ததும், ‘ஒண்ணுமே இல்லடா, வேஸ்ட்டு’ என்கிறார்கள். ஒன்றுமில்லாததற்கு எதற்கடா கத்தினாய் என்று ஒரு பையனைக் கேட்டே விட்டார். அவன் முறைத்தான். இந்தக் காலத்தில் எதைக் கேட்டாலும் முறைப்புதான் பதில்.

குளக்கரை அம்மன் கோயிலுக்குப் பின்புறம், குளத்தை ஒட்டிய மைதானத்தில் வைகாசித் திருவிழாவுக்காகப் பொருட்காட்சி போட்டிருந்தார்கள். ராட்சத ராட்டினம் ஒரு பக்கம் கரகரத்துச் சுற்றிக்கொண்டிருந்தது. மிளகாய் பஜ்ஜி எண்ணெய்ப் புகையும், டெல்லி அப்பளத்தின் மேல் தூவிய மிளகாய்த் தூளும் சேர்ந்து கண்ணை எரித்தன. மழை வரும் போலப் புழுங்கியது, வரவும் இல்லை. வீரபாகு நெஞ்சோடு ஒரு துணி மூட்டையை அணைத்தபடி நின்றார். மூட்டைக்குள் அம்மனுக்குக் கட்டுகிற பட்டு இருந்தது.

பிள்ளையார்பாளையத்தில் வீரபாகு வீட்டுத் தறியில்தான் வருஷா வருஷம் அந்தச் சேலை நெய்யப்படும். அவர் அப்பா நெய்தார், அவர் நெய்தார், கண் மங்கிய பிறகு மகன் தணிகாசலம் நெய்கிறான். பாவு நூல் தறியில் ஏறிய நாளிலிருந்து சேலையை அறுத்து இறக்குகிற நாள்வரை, வீட்டுக்குத் தூரமான பெண்கள் தறி வீட்டுக்குள் கால் வைக்கக்கூடாது. மருமகள் கலாவதி அந்த நாட்களில் பின்கட்டிலேயே சோறு தின்று, அங்கேயே படுத்துக்கொள்வாள். இந்த வருஷம் பேத்தி அகிலாதான் வாயைத் திறந்தாள். ஏனாத்தூரில் காலேஜில் சேர்ந்ததிலிருந்து அவளுக்கு எல்லாவற்றுக்கும் கேள்வி. “அந்த நாள்ல கம்ப்யூட்டரத் தொட்டா அது கெட்டுப் போவுதா? தறி மட்டும் எப்பிடி தாத்தா கெட்டுப் போவும்?” என்றாள். “கம்ப்யூட்டர எடுத்து அம்மன் கட்டிக்கப் போறதில்ல,” என்றார் வீரபாகு. அதோடு பேச்சு முடிந்தது.

சேலையைச் சுற்றும் துணிக்கும் ஒரு முறை உண்டு. பலமுறை துவைத்து, கஞ்சி முழுக்கப் போய், வாழைக்குருத்துப் போல ஆன வேட்டியாக இருக்க வேண்டும். சேலை கோயிலுக்குப் போனால் அந்தத் துணி வீட்டுக்குத் திரும்பாது. தர்மகர்த்தா கையால் அதைக் கிழித்துத் திரி போட்டு, அதில் ஏற்றிய விளக்கைக் காட்டிய பிறகுதான் அம்மனுக்குப் புதுச் சேலை சாத்துவார்கள். சந்தி விளக்கு நேரம்வரை மூட்டை தரையைத் தொடக்கூடாது, கை மாறக்கூடாது. ஒவ்வொரு வருஷமும் வீரபாகு தனியாகத்தான் கொண்டுவருவார். இந்த வருஷம் பொருட்காட்சியைப் பார்க்கவேண்டும் என்று தாயும் மகளும் ஒட்டிக்கொண்டார்கள். விளக்கு வைக்க இன்னும் நேரம் இருந்தது.

அகிலா போய் நின்றது பேய் வீட்டு வரிசையில்.

அது தகரமும் தார்ப்பாயும் சேர்த்துக் கட்டிய கொட்டகை. முகப்பில் ஒரு பலகை. தண்ணீருக்குள்ளிருந்து ஈரத் தலைமயிரோடு எழுந்து வரும் ஒரு பெண், வெள்ளைச் சேலை, சேலையில் இடுப்புக்குக் கீழே சிவப்பு பெயிண்ட். கீழே ‘குளத்து மோகினி’ என்று எழுதியிருந்தது. மைக்கில் ஒருவன் இழுத்து இழுத்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். வீரபாகு பலகையை ஒரு தரம் பார்த்தார். பிறகு அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

ஊரில் பழைய ஆட்களுக்கு அந்த மோகினி யார் என்று தெரியும். அவள் வீரபாகுவின் அக்கா இந்திராணி. அவர் டவுசர் போட்டுக்கொண்டிருந்த வயதில், ஒரு தெப்பத்தன்று இந்தக் குளத்தில் மூழ்கிப் போனாள். கல்யாணம் ஆகாத பெண், கூட்டத்திலிருந்து தனியே விலகி நடந்து குளத்தில் விழுந்தாள் என்றால் ஊர் சும்மா இருக்குமா. யாரோ ஏமாற்றிவிட்டான் என்றது. பிறகு, இல்லை, மோகினி அடித்துவிட்டது என்றது. பிறகு அவளையே மோகினி ஆக்கியது. குளத்தங்கரையில் தனியாகப் போகிற பெண்களை அவள் கூப்பிடுகிறாள் என்று அந்தக் கதை ஊரைச் சுற்றி, எங்கேயோ ஒரு டீக்கடையில் இந்தப் பொருட்காட்சிக்காரன் காதில் விழுந்து, இன்றைக்குப் பலகையில் ஏறியிருக்கிறது.

நடந்ததை அம்மா அவரிடம் சொன்னது ஒரே ஒரு தடவை, படுத்த படுக்கையாகக் கிடந்தபோது. “அவளுக்கு அன்னிக்கி தூரம்டா. திடுக்குனு வந்துடுச்சி. பாவாடைல பட்டுடுச்சி. துணி எதனா இருக்குதாம்மான்னு கேட்டா. கூட்டத்துல எங்க போவேன்? படி எறங்கி அலசிக்கினு வரேன்னா. யாரும் பாக்கக் கூடாதுன்னு நான் மேல் படில முதுகக் காட்டிக்கினு நின்னேன். தண்ணி சத்தம் கேட்டுக்கினே இருந்துச்சி. அப்பறம் கேக்கல.” அவ்வளவுதான் சொன்னாள். ஆனால் அதற்கு முன்னும் பின்னும், வீட்டில் எந்தப் பெண் புழக்கடைக்குப் போனாலும் அம்மா உள்ளேயிருந்து, “இருக்கியா?” என்று குரல் கொடுப்பாள். இருக்கிறேன் என்று பதில் வரும்வரை விடமாட்டாள். அம்மா போன பிறகு அந்தக் குரல் வீரபாகுவிடம் வந்து ஒட்டிக்கொண்டது. கலாவதி புதுமருமகளாக வந்த நாளில் இதென்ன வீடு என்று அழுதிருக்கிறாள்.

பேய் வீட்டிலிருந்து எல்லோரும் சிரித்துக்கொண்டு வந்தார்கள். அகிலா சிரிக்காமல் வந்தாள். துப்பட்டாவைப் பின்பக்கமாக இழுத்துப் பிடித்திருந்தாள். சந்தன நிறச் சுடிதார். அம்மாவின் காதில் ஏதோ சொன்னாள். கலாவதி கைப்பையைக் குடைந்தாள். சீப்பு, தைலம், சில்லறை, பஸ் டிக்கெட்டு. “இன்னும் நாள் இருக்குதேடி,” என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. “வந்துடுச்சி, நான் இன்னாம்மா பண்றது,” என்றாள் மகள்.

வீரபாகு ராட்டினத்தைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். அந்த வீட்டு ஆண்களுக்கு இப்படியொரு பழக்கம். காதில் விழும், விழாத மாதிரி நிற்பார்கள். கை மட்டும் மூட்டையை இன்னும் இறுக்கிப் பிடித்தது. பெண் தூரம் என்று தெரிந்த பிறகு ஓரடி விலகி நின்றுகொள்ளவும் அவர் மறக்கவில்லை.

குளத்துப் பக்கம் பெண்களுக்கென்று தகரத்தில் கழிப்பறை போட்டிருந்தார்கள். அதன் சுவரில் ரோஸ் நிறத்தில் ஒரு நாப்கின் பெட்டி. அதில் ஒரு பெண் சிரிக்கிற படம், காசு போடும் துளை, நெற்றிக்கு வைத்தது போலச் சந்தனம் குங்குமம், காய்ந்துபோன ஒரு சாமந்தி மாலை, வெட்டிய ரிப்பனின் மிச்சம். கலாவதி காசைப் போட்டாள். பெட்டி விழுங்கிக்கொண்டது. தட்டினாள். இன்னொரு காசு போட்டாள். அதையும் விழுங்கியது.

வாசலில் துடைப்பத்தோடு உட்கார்ந்திருந்த துப்புரவுக்காரி கிரேஸ், “அதுல போடாதமா,” என்றாள். “தெறப்பு விழா அன்னிக்கி ஒண்ணு தள்ளுச்சி. போட்டோ புடிச்சாங்க. அதோட சரி, எவனும் வந்து ரொப்பல. எங்கிட்ட இருந்ததையும் மத்தியானமே ஒரு பொண்ணுக்குக் குடுத்துட்டேன். தெனிக்கும் யாராவது வந்து கேட்டுக்கினுதான் கீறாங்க.”

கலாவதி கடை கடையாக ஓடினாள். வளையல் இருந்தது, கிளிப் இருந்தது, பேய் முகமூடி இருந்தது, சுடுகிற பொம்மைத் துப்பாக்கி இருந்தது. ஃபேன்சி கடைக்காரன் மட்டும் அவள் மென்று விழுங்கிக் கேட்டதைப் புரிந்துகொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னான்: “ஃபேமிலி வர்ற எடம்மா. அதெல்லாம் வெக்க மாட்டோம்.”

அவள் திரும்பி வந்தபோது வியர்த்து வழிந்தது. மெயின் ரோட்டில் மருந்துக் கடை. ஆனால் சாமி புறப்பாட்டுக்காகத் தடுப்பு கட்டியிருந்தார்கள், சுற்றிக்கொண்டுதான் போகவேண்டும். அகிலாவை உள்ளே போய் இருக்கச் சொன்னாள். “மாமா, இங்கியே நில்லுங்க. அவளப் பாத்துக்கோங்க,” என்று சொல்லிவிட்டு ஓடினாள். எதற்கு என்று அவள் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

வீரபாகு நின்றார். பெண்கள் உள்ளே போனார்கள், வந்தார்கள், அவரைப் பார்த்து முகத்தைச் சுளித்தார்கள். கொஞ்ச நேரம் கழித்துக் குரல் கொடுத்தார்.

“அகிலா, இருக்கியா?”

“இருக்கேன். கத்தாத தாத்தா.”

சரி என்று இருந்தார். மறுபடி கூப்பிட்டார். பதில் இல்லை. வெட்கப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டார். இன்னொரு தடவை கூப்பிட்டார். அப்போதுதான் தேவேந்திரன் வந்தான். பொருட்காட்சியைக் குத்தகைக்கு எடுத்தவனின் ஆள், கழுத்தில் அட்டை தொங்கியது. “பெருசு, லேடீஸ் பாத்ரூம் வாசல்ல நின்னுக்கினு இன்னா சவுண்டு வுடற? வயசான காலத்துல இதான் வேலயா?” என்றான். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். வேறு நாளாக இருந்தால் வீரபாகு அவன் வம்சத்தையே இழுத்திருப்பார். இன்றைக்கு அவனைத் தாண்டி, கிரேஸைப் பார்த்து, உள்ளே என் பேத்தி இருக்கிறாளா என்று பார்த்துச் சொல்லும்படி கேட்டார். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு அவள் உடனே எழுந்தாள்.

போனவள் வந்து, “உள்ள யாரும் இல்ல பெரியவரே. பின்கதவு தெறந்து கெடக்குது. பைப்புல தண்ணி வர்லன்னு கொளத்துல எறங்கிட்டாப்ல இருக்குது,” என்றாள்.

தேவேந்திரன் கையை நீட்டித் தடுத்தான். வீரபாகு அவனை மோதித் தள்ளிக்கொண்டு, பெண்கள் கழிப்பறைக்குள் நுழைந்தார். யாரோ ஒருத்தி அலறினாள். பின்கதவைத் தாண்டினால் பாசி பிடித்த படிகள். கருக்கல் வெளிச்சம். பொருட்காட்சியின் கலர் விளக்குகள் தண்ணீரில் நெளிந்தன. கடைசிப் படியில் ஒரு பெண் உருவம் முதுகைக் காட்டிக் குந்தியிருந்தது. தலைமயிர் அவிழ்ந்து தொங்கியது. எதையோ அலசிக்கொண்டிருந்தது.

அவருக்கு அந்த இடத்தில் என்ன பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது என்றே ஒரு கணம் தெரியவில்லை.

“தாத்தா? இங்க ஏன் வந்த? போ தாத்தா,” என்றாள் அகிலா.

வீரபாகு சட்டென்று திரும்பி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அந்த வீட்டில் யாராக இருந்தாலும் அப்படித்தான் நிற்பார்கள். நின்ற பிறகுதான், அம்மா நின்ற படியும் இதுவாகத்தான் இருக்கும் என்று உறைத்தது. மூட்டைக்குள் பட்டு சூடாக இருந்தது.

“மேல ஏறு,” என்றார்.

“எப்பிடி ஏறுவேன்? எல்லாம் ஈரமா கீது. நிக்கவே இல்ல தாத்தா.” அவள் அழ ஆரம்பித்திருந்தாள்.

“அப்ப சத்தம் குடுத்துக்கினே இரு.”

“இன்னா சத்தம்?”

“எதுனா. வாய் மூடாம எதுனா சொல்லு.”

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, மைக்கில் சொல்வதையே திருப்பிச் சொன்னாள். “வாங்க, வாங்க, கொளத்து மோகினிய நேர்ல பாக்க வாங்க...”

“அது வேணாம்,” என்றார் வீரபாகு. “அது மட்டும் வேணாம்மா.”

அவள் நிறுத்தினாள். தண்ணீர்ச் சத்தமும் நின்றது. ராட்டினம் எங்கோ வெகுதூரத்தில் சுற்றுவது போல இருந்தது. திரும்பிப் பார்க்கக்கூடாது. பார்க்காமலும் இருக்க முடியவில்லை. வயிற்றோடு அணைத்திருந்த மூட்டையின் முடிச்சை அவர் விரல்கள் அவிழ்த்தன. பட்டை இடது கையில் ஏந்திக்கொண்டு, அதைச் சுற்றியிருந்த வேட்டியைச் சுருட்டித் தலைக்கு மேலாகப் பின்னால் போட்டார்.

“எடுத்துக்கோ.”

“தாத்தா, இது சாமி சேல சுத்தின துணி,” என்றாள் அகிலா மெதுவாக.

“கரப் பக்கமாப் புடிச்சிக் கிழி. நேராப் போவும்.”

கிழிபடும் சத்தம் வந்தது. துணி கிழியும் சத்தத்தை எந்த நெசவுக்காரனாலும் சகிக்க முடியாது. வீரபாகு கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ஒரு தடவை கிழிந்தது. மறுபடி ஒரு தடவை. அது இன்னும் கொஞ்சம் தள்ளி, இன்னும் கீழே கேட்டது போல இருந்தது.

கலாவதி காகிதத்தில் மடித்துக் கறுப்புப் பையில் போட்ட பொட்டலத்தோடு ஓடி வந்தபோது, இருவரும் மேலே வந்திருந்தார்கள். அகிலா துப்பட்டாவை இடுப்பில் சுற்றிக் கட்டியிருந்தாள். மாமனார் கையில் பட்டு, சுற்றுத்துணி இல்லாமல், வெறும் சேலையாக இருந்தது. கலாவதி ஒன்றைப் பார்த்தாள், மற்றதைப் பார்த்தாள். தலையில் கை வைத்துக்கொண்டாள்.

“கொஞ்சம் பொறுத்திருக்கக் கூடாதா மாமா? வந்துட்டேனே.”

“சத்தம் கேக்கல,” என்றார் அவர்.

அவளுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை. ஆனால் அவள் பயந்தது வேறு. துணி எங்கே என்று கோயிலில் கேட்பார்கள். சொன்னால் தீட்டுப்பட்ட சேலை என்று அம்மனுக்குச் சாத்த மாட்டார்கள். அடுத்த வருஷம் தறிக்கு அந்தச் சேலை வராது. அது போனாலும் போகட்டும், திருவிழாக் கூட்டத்தில் அகிலாவின் பெயர் அடிபடும். கூட்டத்திலிருந்து ஒதுங்கிய ஒரு பெண்ணுக்கு இந்த ஊர் என்ன பெயர் வைத்தது என்று பலகையிலேயே எழுதி வைத்திருக்கிறார்களே.

“இன்னா மாமா சொல்லப் போறீங்க?”

“வாயை மூடிக்கினு பின்னால நில்லுங்க,” என்றார் வீரபாகு.

சந்தி விளக்கு நேரம். தர்மகர்த்தா ராஜகோபால் கோயில் வாசலில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு காத்திருந்தார். அவரும் வீரபாகுவும் ஒரே வயசு, சின்ன வயதில் அந்தக் குளத்தில் சேர்ந்து குதித்தவர்கள். திரி போடத் தட்டும் எண்ணெயும் தயாராக இருந்தன. கூட்டம் எட்டிப் பார்த்தது. வெறும் பட்டைக் கண்டதும் நீட்டிய கையை ராஜகோபால் இழுத்துக்கொண்டார்.

“துணி எங்க வீரபாகு?”

வீரபாகு பொய் சொல்லிப் பழகாத மனிதர். மூஞ்சிக்கு நேராகப் பேசித்தான் பாதி ஊரோடு பேச்சுவார்த்தை அறுந்தது. அவர் ராஜகோபாலின் கண்ணைப் பார்த்துச் சொன்னார்.

“கொளத்தாண்ட வரும்போது கேட்டா. குடுத்துட்டேன்.”

“யாரு?”

“இந்திராணி.”

விசிறிக்கொண்டிருந்த ஒரு கிழவியின் கை நின்றது. ராஜகோபால் பக்கத்தில் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காதபடி, “பாத்தியா?” என்றார்.

“முதுகக் காட்டிக்கினு இருந்தேன். சத்தம் மட்டும் கேட்டுச்சி.”

“இன்னா சொன்னா?”

“அன்னிக்கிக் கேட்டதுதான். துணி இல்லன்னா.”

ராஜகோபால் வெகுநேரம் குளத்துப் பக்கம் பார்த்தார். அவருக்கு எவ்வளவு தெரியும் என்று வீரபாகுவுக்குத் தெரியாது. கடைசியில் அவர் தன் இடுப்பில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து, அதன் ஓரத்தைக் கிழித்துத் திரி போடக் கொடுத்தார். இரண்டு கையையும் நீட்டிப் பட்டை வாங்கிக்கொண்டார். கலாவதி மகளின் கையை விட்டாள். அதுவரை எவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தாள் என்பது அகிலாவின் மணிக்கட்டில் தெரிந்தது.

அவர்கள் மைதானத்தைக் கடந்து திரும்புவதற்குள் சேதி முன்னால் ஓடியிருந்தது. பேய் வீட்டு வரிசை ராட்டினம்வரை நீண்டிருந்தது. குளத்து மோகினி இப்போதுதான் ஒரு பெரியவரிடம் பேசினாள் என்று மைக்கில் கூப்பிடுகிறவன் புதிதாக ஆரம்பித்திருந்தான். தேவேந்திரன் ஓடி வந்து, இந்தத் தடவை மரியாதையாக, ஒரு வார்த்தை மைக்கில் வந்து சொல்ல முடியுமா என்று கேட்டான்.

வீரபாகு ரோஸ் பெட்டியைக் காட்டினார். “அத ரொப்புடா மொதல்ல.”

“நாளைக்கி ரொப்பிடுவோம் பெரியவரே. சத்தியமா.”

வீரபாகு மாலை போட்ட அந்தப் பெட்டியைப் பார்த்தார். அதில் சிரிக்கிற பெண்ணைப் பார்த்தார். பெட்டி முழுக்க ரொப்பி வைத்தாலும், வேண்டிய நேரத்தில் இது தள்ளும் என்று அவருக்குத் தோன்றவில்லை. ரோட்டைப் பார்த்து நடந்தார்.

ரோட்டுக்கு வந்த பிறகு அகிலா பக்கத்தில் வந்தாள். விலகி நடக்க அவர் மறந்துவிட்டார்.

“பொய்தானே தாத்தா சொன்ன?”

அவர் வேறு கேட்டார். “மீதித் துணி எங்க?”

“ஒரு கிழிதான் எனக்குப் போதும்னு மீதிய மடிச்சிப் படியிலயே வெச்சேன். எடுக்கலாம்னு திரும்பினா காணோம். தண்ணி இழுத்துக்கினு போயிருக்கும்.”

“ஒரு தடவதான் கிழிச்சியா?”

“ஆமா. ஏன்?”

வீரபாகு நின்றார். ஒரு இலைகூட ஆடவில்லை. நாள் முழுக்கக் காற்றே அடிக்காத குளம், பாசி கூட இடம் மாறாது. தண்ணி எதை இழுக்கும்.

“தண்ணிதான் தாத்தா,” என்றாள் அகிலா, அவர் முகத்தைப் பார்த்துவிட்டு.

அவர் முன்னால் போய்விட்டார். சற்றுத் தூரம் போனதும், திரும்பாமலேயே, “இருக்கீங்களா?” என்று குரல் கொடுத்தார். தாயும் மகளும் ஒன்றாக, இருக்கிறோம் என்றார்கள். வீரபாகு இன்னும் கொஞ்ச நேரம் காதைக் கொடுத்தபடி நின்றார். பிறகு, நம்பாத மனிதர் தலையை ஆட்டுவது போல ஆட்டிக்கொண்டு, பிள்ளையார்பாளையம் பக்கம் நடந்தார்.